பேட் பாய்ஸ் நாலாம் பாகம்: மருமகன் ரெஜியைப் பற்றிப் பேசலாமா? (கதை முழுக்க வெளியே வரும், படம் பார்க்காதவர்கள் கவனம்)

கடைசிவரிசை எழுதியது:

2024 ஜூனில் வந்த ‘பேட் பாய்ஸ்: ரைட் ஆர் டை’ பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் கடைசியில் வில் ஸ்மித்திடமே போய் நிற்கிறது. ஆஸ்கர் மேடை, அங்கே அவர் கன்னத்தில் விட்ட அந்த அறை, அதற்கப்புறம் அவருக்கு மார்க்கெட் இருக்கிறதா இல்லையா. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைப் பற்றி மட்டும் பேச ஆசை. என் கட்சி இதுதான்: அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துவது மியாமி போலீஸ் ஜோடியான மைக்கோ (வில் ஸ்மித்) மார்கஸோ (மார்ட்டின் லாரன்ஸ்) இல்லை, மார்கஸின் மருமகன் ரெஜி.

இரண்டாம் பாகத்தை நினைத்துப் பாருங்கள், 2003. மார்கஸ் வீட்டு வாசலில் ஒரு பையன் வந்து நிற்கிறான். மகள் மெகனை வெளியே கூட்டிக்கொண்டு போக வந்தவன். மார்கஸ் கதவைத் திறந்ததிலிருந்து அவனைப் போட்டு வறுத்தெடுக்கிறான், வயதைக் கேட்கிறான், பதினைந்து என்று பதில் வந்தால் அதையும் நம்ப மாட்டேன் என்கிறான். பின்னாலிருந்து மைக் குடிகாரன் மாதிரியும் ஜெயிலிலிருந்து இப்போதுதான் வந்தவன் மாதிரியும் நடித்துக்கொண்டு வந்து துப்பாக்கியைக் காட்டுகிறான். பையன் மூச்சு விடாமல் நிற்கிறான். ‘சார்’ என்ற வார்த்தையைத் தவிர உருப்படியாக ஒன்றும் அவன் வாயிலிருந்து வராது. இரண்டரை மணி நேரப் படத்தில் சில நிமிஷம்தான், ஆனால் அந்தப் படத்தில் ஜனங்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் காட்சி அதுதான்.

2020ல் மூன்றாம் பாகம் வந்தபோது அதே ரெஜி கடற்படைக் காலாட்படை வீரன், மெகனுக்குக் குழந்தை பிறக்கிறது, கல்யாணமும் ஆகிறது. நடித்தவரும் அதே ஆள்தான். வேறு யாரையாவது போட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அப்போதும் மார்கஸுக்கு அவனைக் கண்டால் ஆகாது.

இப்போது நாலாம் பாகம். மைக்கும் மார்கஸும் போலீஸே தேடும் குற்றவாளிகளாகி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கூலிப்படை மார்கஸ் வீட்டுக்குள் புகுகிறது. வீட்டைக் காக்க இருப்பது ரெஜி ஒருத்தன். நம் ஹீரோக்கள் இரண்டு பேரும் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து பாதுகாப்புக் கேமரா வழியாகப் பார்க்க மட்டும்தான் முடிகிறது. அவன் அறை அறையாக வந்தவர்களை முடித்துக்கொண்டே போகிறான், முகத்தில் ஒரு சலனமும் இல்லை, ஒரு பஞ்ச் வசனம் கிடையாது. இந்தப் பக்கம் மாமனார் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்.

இருபத்தொரு வருஷம் கட்டிய சீட்டை மொத்தமாக எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. லேட்டாக வரும் தொடர்ச்சிப் படம் எதற்கு வர வேண்டும் என்று கேட்டால் இதற்குத்தான் வர வேண்டும். புதுப் படத்தில் எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தக் காட்சியைச் செய்ய முடியாது, ஏனென்றால் இதற்கு வேண்டிய காலம் அவர்களிடம் இருக்காது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நைட்ஷோ எழுதியது:

முழு ஆதரவு. நான் பார்த்த தியேட்டரில் படம் முழுக்க சுமாரான கைதட்டல்தான், ரெஜி ஆரம்பித்ததும் விசில் நிற்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு 2003 காட்சி தெரியாது போல, ‘யார்ணா இது’ என்று என்னைக் கேட்டான். இடைவேளையில் செல்போனில் தேடிக் காட்டினேன்.

பிலிம்சுருள் எழுதியது:

காட்சி நல்ல காட்சி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு காட்சியை வைத்துப் படத்துக்கே கோயில் கட்ட வேண்டாம் அண்ணே. என் வருத்தம் வேறு. முதல் இரண்டு பாகத்தை இயக்கிய மைக்கேல் பே இல்லாத பேட் பாய்ஸ் எனக்குப் பேட் பாய்ஸாகவே தெரியவில்லை.

1995ல் முதல் படம் எடுத்தபோது அது அவருடைய முதல் சினிமா. விளம்பரப் படமும் பாட்டு வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தவர். கையில் கொடுத்த பட்ஜெட் சுமார் 1.9 கோடி டாலர், டான் சிம்ப்ஸனும் ஜெர்ரி ப்ரக்ஹைமரும் தயாரித்த மற்றப் படங்களோடு வைத்துப் பார்த்தால் சின்னத் தொகை. கதையே முதலில் டானா கார்வி, ஜான் லோவிட்ஸ் என்ற இரண்டு காமெடியர்களை மனதில் வைத்து ஆரம்பித்தது. கடைசியில் டிவி தொடர்களிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். அப்போது பெரிய பெயர் மார்ட்டின் லாரன்ஸுக்குத்தான், டைட்டிலில் அவர் பெயர்தான் முன்னால் வரும். படத்தில் மைக் ஓட்டும் கருப்பு போர்ஷே 911 டர்போ பேவின் சொந்த வண்டி. இப்படி ஒட்டுப்போட்டு எடுத்த படத்தில் மியாமி வெயில் எப்படித் தெரியும் பாருங்கள், நெற்றியில் வியர்வை, ஆரஞ்சு வானம், கீழேயிருந்து கேமரா சுற்றிக்கொண்டே வர இரண்டு பேரும் எழுந்து நிற்கும் அந்த ஷாட்.

இரண்டாம் பாகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். வீட்டுக்குள் நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் சுவருக்கு இந்தப் பக்கம் நம் ஆட்கள், அந்தப் பக்கம் எதிராளிகள், கேமரா சுவரைத் தாண்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நொடிகூடக் குழம்பாது. மக்ஆர்தர் பாலச் சாலையில் கார்களைக் கொண்டுபோகும் லாரியிலிருந்து ஒவ்வொரு காராக உருட்டிவிடும் துரத்தலும் அப்படித்தான், உண்மையான வண்டிகள் உண்மையான சாலையில் உருண்டன.

நாலாம் பாகம் பெரும்பாலும் அட்லாண்டாவில் எடுத்தது. தெரிகிறது. ஊதாவும் பச்சையுமாக விளக்குப் போட்டால் அது மியாமி ஆகிவிடாது.

தேநீர்நேரம் எழுதியது:

பிலிம்சுருள், கேமராவைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அதே இரண்டாம் பாகத்தை இப்போது உட்கார்ந்து பார்க்க முடிகிறதா உங்களால்? நான் போன வருஷம் திரும்பப் பார்த்தேன். பிணவறையில் உடல்களை வைத்து நகைச்சுவை, துரத்தலில் வண்டியிலிருந்து பிணங்கள் சாலையில் விழ அதன் மேல் கார் ஏறுவது, கடைசியில் கியூபாவில் மலைச்சரிவில் இருக்கும் குடிசைகளை ஹம்மர் வண்டியால் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்குவது. அந்தக் குடிசைகளில் யாரோ இருந்தார்களே என்று படத்துக்கு ஒரு கவலையும் இல்லை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார், கோபமாகவே எழுதினார், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

அடில் எல் அர்பி, பிலால் ஃபல்லா என்ற அந்த இரண்டு பெல்ஜியப் பையன்கள் மூன்றாம் பாகத்திலிருந்து இயக்க வந்த பிறகுதான் இந்தத் தொடரில் யாராவது செத்தால் வலிக்க ஆரம்பித்தது. மூன்றாம் பாகத்தில் மைக், மார்கஸின் மேலதிகாரி கேப்டன் ஹோவர்ட் சுடப்படும் இடம் நினைவிருக்கிறதா? மைக்கிடம் ஒரு குதிரைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், குதிரையில் வேகமாகப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் குதிரையைக் கேள் என்கிறான் என்று. சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் குண்டு. முதல் இரண்டு படத்திலும் அவர் கத்துவதற்கென்றே இருந்த கேப்டன், காது மடலைத் தேய்த்துக்கொண்டு ‘வூசா’ சொல்லிக் கோபத்தை அடக்கப் பார்ப்பாரே. ஜோ பாண்டலியானோ அதை அவ்வளவு அழகாகச் செய்திருந்ததால்தான் அவர் போனது மனதைத் தைத்தது.

என் குறை வேறு இடத்தில். அது அப்புறம்.

லெத்தல்ரசிகன் எழுதியது:

வயதான போலீஸ் ஜோடி என்றால் என் தெய்வங்களைக் கூப்பிடாமல் பேசக் கூடாது. ‘லெத்தல் வெப்பன்’ முதல் படம் 1987. போலீஸ்காரர் மர்ட்டாவின் ஐம்பதாவது பிறந்தநாளில் ஆரம்பிக்கும், குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கும்போது குடும்பமே கேக்கோடு உள்ளே வந்து நிற்கும். அதில் ஐம்பது வயதுக்காரனாக நடித்த டேனி க்ளோவருக்கு அப்போது வயது நாற்பது. அதாவது அந்தத் தொடர் முதல் நாளிலிருந்தே வயோதிகத்தைப் பற்றியது, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்ற புலம்பல் கதையின் அஸ்திவாரம். அதனால் 1998ல் நாலாம் பாகம் வந்து மர்ட்டா தாத்தா ஆனபோது அது இயல்பாக வந்து சேர்ந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் எல்லாரும் சேர்ந்து குடும்பப் படம் எடுத்துக்கொள்வார்களே, அங்கே கண்ணில் தண்ணீர் வராதவர்கள் உண்டா?

பேட் பாய்ஸ் அப்படி ஆரம்பித்த தொடர் இல்லை. 1995ல் அது இளமைப் படம். மைக்குக்குப் பரம்பரைச் சொத்து, சட்டை, கார், பெண்கள். வயது அங்கே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் மூன்றாம் பாகத்தில் மைக் தாடிக்குச் சாயம் பூசுகிறான், ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று வரிசையாகச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. நாலாம் பாகத்தில் மாரடைப்பு வேறு. எனக்கு அது வலிந்து போட்ட மாதிரிதான் இருந்தது.

கடைசிவரிசை எழுதியது:

லெத்தல்ரசிகன் சொன்னது முக்கியமான வித்தியாசம், ஆனால் அதையே நான் பேட் பாய்ஸுக்குச் சாதகமாகப் பார்க்கிறேன். மர்ட்டா கிழவனாகவே நமக்கு அறிமுகம் ஆனவர். மைக்கையும் மார்கஸையும் நாம் இளைஞர்களாகப் பார்த்தோம். படம் 1995, 2003, 2020, 2024 என்று வந்தது. நடுவில் பதினேழு வருஷம் ஒன்றுமே இல்லை. திரும்பி வந்தபோது மார்ட்டின் லாரன்ஸ் உடம்பு கனத்து, நடை மாறி வந்தார். அதை மறைக்க முடியாது. மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள்.

மாரடைப்புக் காட்சி வலிந்து போட்டது என்கிறீர்கள். மைக்கின் கல்யாண விருந்தில் மார்கஸ் சுருண்டு விழுகிறான், நினைவில்லாத நிலையில் கடற்கரையில் செத்துப்போன கேப்டன் வந்து நிற்கிறார், உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அனுப்பிவைக்கிறார். 1999ல் மார்ட்டின் லாரன்ஸ் கொளுத்தும் வெயிலில் ஓடி, உடல் சூடேறி மயங்கி விழுந்து மூன்று நாள் கோமாவில் கிடந்தவர். அது அப்போது பெரிய செய்தி. அந்த மனிதர் ஆஸ்பத்திரி அங்கியோடு மொட்டை மாடி விளிம்பில் நின்று எனக்குச் சாவே கிடையாது என்று கத்தும்போது நான் சிரித்தேன், ஆனால் அந்தக் கண்ணைப் பாருங்கள், அதில் நடிப்பு மட்டும் இல்லை.

அதோடு இரண்டு பேரின் இடமும் அங்கே மாறிவிடுகிறது. மூன்று படங்களாகப் பயந்தாங்கொள்ளி மார்கஸ், துணிந்த கட்டை மைக். நாலாவதில் மார்கஸுக்குப் பயமே விட்டுப்போகிறது, மைக்குக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை உறைகிறது, துப்பாக்கியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது, இழக்க ஆள் இருக்கிறது, அதனால். இதை எந்த இடத்திலும் உட்கார வைத்து விளக்கவில்லை என்பது எனக்குப் பிடித்தது.

நைட்ஷோ எழுதியது:

போன ஜென்மத்தில் நீ என் கழுதை என்று மார்கஸ் மைக்கிடம் சொல்வதை விட்டுவிட்டீர்களே. எத்தனையோ ஜென்மமாகச் சேர்ந்தே பிறக்கிறோமாம். நம் ஊர்க் கிழவி சொல்வது போலவே இருந்தது, வீட்டில் அம்மா ரசித்துச் சிரித்த ஒரே இடம்.

தேநீர்நேரம் எழுதியது:

என் குறையைச் சொல்கிறேன். ரெஜியை அதே நடிகர் செய்தார் என்று கடைசிவரிசை பெருமையாகச் சொல்கிறார். நியாயம். ஆனால் மார்கஸின் மனைவி தெரேசா? முதல் மூன்று படங்களில் தெரேசா ராண்டில் செய்த வேடம் அது. 1995லிருந்து அந்த வீட்டைத் தாங்கி நின்ற முகம். நாலாம் பாகத்தில் டாஷா ஸ்மித் வந்து நிற்கிறார், படம் ஒன்றுமே நடக்காத மாதிரி போகிறது. டாஷா ஸ்மித் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் செய்தார். ஆனால் காலம்தான் இந்தப் படத்தின் மூலதனம் என்றால் அந்த மூலதனத்தில் பெண்களுக்குப் பங்கு இல்லையா? மருமகனுக்கு இருபத்தொரு வருஷக் கணக்கு, மனைவிக்கு ஒன்றும் கிடையாது.

மைக்கின் மனைவி கிறிஸ்டின் நிலைமை அதைவிட மோசம். அடிபட்டுக் கிடந்தபோது மைக்குக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுத்தவர் என்று ஒரு வரியில் சொல்கிறார்கள், கல்யாணம் முடிகிறது, அப்புறம் வில்லனிடம் பிணைக்கைதி. மைக்குக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது என்று புரிய வேண்டுமானால் அந்தப் பெண்ணை நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? மூன்றாம் பாகத்தில் போலீஸ் அதிகாரி ரீட்டா எவ்வளவு கம்பீரமாக இருந்தாள், இதில் அவளை வில்லன்களில் ஒருத்தனோடு ஜோடி சேர்த்துச் சுருக்கிவிட்டார்கள்.

ரியா சீஹார்ன் செய்த ஜூடி ஒன்றுதான் ஆறுதல். கேப்டனின் மகள், மத்திய அரசின் மார்ஷல். அவள் முகத்தில் எப்போதும் ஒரு இறுக்கம் இருக்கும், அழாத துக்கம்.

வசூல்கணக்கு எழுதியது:

கொஞ்சம் எண்களும் இருக்கட்டும், பேச்சுக்கு உதவும். முதல் படம் உலகம் முழுக்க சுமார் 14 கோடி டாலர். இரண்டாவது 13 கோடி செலவில் எடுத்து சுமார் 27 கோடி வசூல், அந்தச் செலவுக்கு அது பெரிய லாபம் இல்லை. இடையில் பதினேழு வருஷம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றாவது 2020 ஜனவரியில் 9 கோடி செலவில் வந்து 42 கோடிக்கு மேல். கொரோனாவால் தியேட்டர்கள் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்ததால் அந்த வருஷம் வெளியான படங்களில் வட அமெரிக்காவில் முதலிடம் அதற்கே. நாலாவது சுமார் 10 கோடி செலவு, 40 கோடி வசூல்.

2024 கோடை ஆரம்பத்தில் அமெரிக்கத் தியேட்டர்கள் காற்று வாங்கின, எதிர்பார்த்த படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மண்ணைக் கவ்வின. அந்த நேரத்தில் இது முதல் வாரக் கடைசியில் மட்டும் சுமார் 5.6 கோடி டாலர் எடுத்தது. வில் ஸ்மித்துக்கு ஆட்கள் வருவார்களா என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

இன்னொரு விஷயம், ஒரு மாதம் கழித்து ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸில் ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ நாலாம் பாகம் வந்தது. அதுவும் ப்ரக்ஹைமர் தயாரிப்பு. முப்பது வருஷ இடைவெளி. இரண்டு படத்திலும் எழுத்தாளர் பட்டியலில் வில் பீல் இருக்கிறார், முன்பு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் வேலை பார்த்தவர். அடிலும் பிலாலும்கூட முதலில் அந்தப் பெவர்லி ஹில்ஸ் படத்தை எடுப்பதாகத்தான் இருந்தது, பேட்மேன் வகையறாவான ‘பேட்கேர்ள்’ படத்துக்காக அதை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பேட்கேர்ளின் படப்பிடிப்பே முடிந்துவிட்ட நிலையில் 2022 ஆகஸ்டில் வார்னர் நிறுவனம் வெளியிடுவதே இல்லை என்று பூட்டி வைத்துவிட்டது.

பிலிம்சுருள் எழுதியது:

இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வில் பீலின் கை தெரிகிறது. இரண்டிலும் வில்லன் சட்டத்தின் பக்கமிருந்து வந்தவன், இரண்டிலும் பழைய சக போலீஸ் ஒருத்தருக்காக ஓட்டம், இரண்டிலும் அப்பனோடு ஒட்டாத பிள்ளை. அங்கே மகள், இங்கே மைக்கின் மகன் அர்மாண்டோ. ஆனால் பெவர்லி ஹில்ஸ் காப்பின் நாயகன் ஆக்ஸல் ஃபோலி படத்தில் எனக்கு ஒட்டவில்லை. பழைய நடிகர்கள் ஜான் ஆஷ்டன், ஜட்ஜ் ரைன்ஹோல்ட் எல்லாரும் திரும்ப வந்தார்கள், பார்த்ததும் சந்தோஷம், ஆனால் வந்து நின்று பழைய பாட்டுப் போட்டதும் முடிந்தது. அவர்களுக்கு அந்த முப்பது வருஷத்தில் என்ன ஆனது என்று படத்துக்குப் பெரிதாக அக்கறை இல்லை. அந்த வகையில் ரெஜி விஷயத்தில் கடைசிவரிசை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

டைரக்‌ஷன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேமராவை உடம்போடு கட்டிக்கொண்டு வில் ஸ்மித்தே துப்பாக்கியோடு சுழலும் அந்த ஷாட்கள், ஒரு நொடி துப்பாக்கியின் பார்வை, அடுத்த நொடி அவர் முகம். செய்வதற்குக் கஷ்டமான வேலைதான். பார்க்கும்போது வீடியோ கேம் மாதிரி இருக்கிறது. ட்ரோன் கடைக்குள் நுழைந்து வெளியே வந்து மறுபடி நுழைகிறது, எனக்கு யார் யாரைச் சுடுகிறார்கள் என்று தெரியவில்லை. ரெஜி சண்டை ஏன் பிடித்தது தெரியுமா? அங்கே கேமரா ஒழுங்காக நின்றது. ஒரு வீடு, படி, கதவு, எல்லாம் நமக்குத் தெரிந்த இடம்.

கடைசிவரிசை எழுதியது:

இது அருமையான கவனிப்பு. ஒத்துக்கொள்கிறேன், முதலைப் பண்ணையில் நடக்கும் கடைசிச் சண்டையில் எனக்கும் தலை சுற்றியது. வெள்ளை முதலை வந்து வில்லன் கூட்டத்து லாக்வுட்டைக் கவ்வுவது மட்டும் தெளிவாக மனதில் நிற்கிறது.

தேநீர்நேரம் அக்கா தெரேசாவைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மூன்றாம் பாகத்தில் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அதே தெரேசா நாலாம் பாகத்திலும் வாசலில் நின்றிருந்தால் ரெஜி காட்சிக்கே இன்னும் கனம் கூடியிருக்கும். அவன் காப்பாற்றுவது அந்த வீட்டைத்தானே.

ஆனால் எல்லாரும் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தின் வழக்கு என்ன? போதைப்பொருளா? குண்டா? செத்துப்போன ஒருத்தருடைய நல்ல பெயர். கேப்டன் போதைப்பொருள் கார்ட்டெல்காரர்களிடம் காசு வாங்கினார் என்று அவர் இறந்த பிறகு பழி போடுகிறார்கள். அவர் திரும்பி வரப்போவதில்லை, பழியைத் துடைத்தால் யாருக்கும் பத்துப் பைசா லாபம் இல்லை. இருந்தும் இந்த இரண்டு பேரும் வேலை, வீடு, உயிர் எல்லாவற்றையும் பணயம் வைக்கிறார்கள். இப்படி ஒரு காரணத்துக்காக ஓடும் ஆக்‌ஷன் காமெடியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கேப்டன் சாவதற்கு முன்னால் எடுத்து வைத்த வீடியோவைப் பார்க்கும்போது இரண்டு பேரும் அடிக்கும் ஜோக்குகள் அடங்கிப்போகும் பாருங்கள்.

லெத்தல்ரசிகன் எழுதியது:

சரி, அப்படியானால் அர்மாண்டோவை என்ன செய்வது? கேப்டனைச் சுட்டவனே அவன்தானே. மைக்கின் மகன் என்பதற்காக அவனை இழுத்துவந்து நல்லவனாக்கி, கேப்டனின் பேத்தியை அவன் காப்பாற்றுகிறான் என்று வைத்து, ஜூடி அவனைச் சுடாமல் விடுகிறாள் என்று முடித்தால் கணக்கு நேராகிவிடுமா? லெத்தல் வெப்பனில் மர்ட்டாவின் ஜோடியான மெல் கிப்ஸனின் ரிக்ஸ் தன் மனைவியைக் கொன்றவனை இரண்டாம் பாகத்தில் கண்டுபிடித்தபோது மன்னிக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

தேநீர்நேரம் எழுதியது:

மன்னிப்பு அங்கே நடக்கவில்லை என்றுதான் நான் பார்த்தேன். ஜூடி அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை, நீ நல்லவன் என்று சொல்லவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாள், அதற்காக இந்த ஒரு தடவை கையைத் தாழ்த்துகிறாள், அவ்வளவுதான். அப்பாவைக் கொன்றவன் முகத்தை அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது சுடுவதைவிடக் கஷ்டம். ஆனால் படம் அந்த இடத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். அவசரமாக அடுத்ததற்குப் போய்விட்டார்கள், அதனால்தான் உங்களுக்கு ஏமாற்றிவிட்டார்கள் என்று படுகிறது. அர்மாண்டோவாக வந்த ஜேக்கப் சிப்பியோ நல்ல நடிகர், அவருக்குப் பேசக் கொடுத்திருக்கலாம்.

நைட்ஷோ எழுதியது:

ஃப்ளெட்சரைக் கொன்றதுதான் எனக்கு ஆறவே இல்லை. முதல் இரண்டு படத்தில் கம்ப்யூட்டரில் உடைத்து உள்ளே போகும் ஆள், பழைய கூடைப்பந்து வீரர் ஜான் சாலி. இருபது வருஷம் கழித்து வந்தார், சிரிக்க வைத்தார், போய்விட்டார். ரெஜிக்குக் கிடைத்த மரியாதை இவருக்குக் கிடைக்கவில்லை.

பிலிம்சுருள் எழுதியது:

ஃப்ளெட்சர் சாவு ஒரு துப்புக் கொடுப்பதற்கு மட்டும் பயன்பட்டது. கடைசிவரிசையின் வாதத்துக்கு எதிர்ச் சாட்சி அது. பழைய ஆட்களைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது.

வசூல்கணக்கு எழுதியது:

ஐந்தாம் பாகம் வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ரெஜியை நாயகனாக்கித் தனிப் படம் எடுக்க வேண்டும் என்று பல பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது, ரசிகர்கள் தயாராக இருக்கிறார்கள்.

கடைசிவரிசை எழுதியது:

வேண்டவே வேண்டாம் என்பேன். ரெஜியைப் பிடித்திருப்பதற்குக் காரணமே அவன் ஓரத்தில் நிற்பது. தனிப் படம் என்றால் அவனுக்கு ஒரு பழைய சோகம், ஒரு பழைய எதிரி, ராணுவத்தில் கூட இருந்து துரோகம் செய்த நண்பன் என்று எழுத ஆரம்பிப்பார்கள். பக்கம் பக்கமாக வசனம் பேசுவான். 2003ல் வாசலில் ‘சார்’ சொல்லிக்கொண்டு நின்றவன் அப்புறம் இருக்க மாட்டான்.

ஃப்ளெட்சரைப் பற்றி நைட்ஷோவும் பிலிம்சுருளும் சொன்னது சரி, அந்தச் சாவு வீண். ரெஜிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், ரெஜி மூன்று படத்திலும் மார்கஸ் வீட்டோடு ஒட்டி வளர்ந்தான், ஒவ்வொரு தடவையும் மாமனாருக்கும் அவனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பாக்கி நின்றது. ஃப்ளெட்சருக்கு யாரோடும் பாக்கி இல்லை.

ஐந்தாவது வந்தால் எனக்கு வேண்டியது ஒன்றுதான். மார்கஸ் தூரத்தில் உட்கார்ந்து கேமராவில் மருமகனைப் பார்த்தது போதும், ஒரே காரில் இரண்டு பேரையும் ஏற்றிவிடுங்கள். மைக் பின் சீட்டில். மார்கஸ் வாய் ஓயாமல் பேச, ரெஜி பதில் சொல்லாமல் ஓட்ட, மியாமி வெயிலில் ஒரு பத்து நிமிஷம். அட்லாண்டா வேண்டாம், அதில் பிலிம்சுருள் பக்கம்தான் நான்.

பிலிம்சுருள் எழுதியது:

கேமரா பே பிடிக்கட்டும். தெரேசா ராண்டில் திரும்ப வரட்டும். நான் டிக்கெட் எடுக்கிறேன்.

தேநீர்நேரம் எழுதியது:

பே வேண்டாம். மற்றதெல்லாம் சம்மதம்.